குடும்பத்துல ஹார்ட் அட்டாக் ஹிஸ்டரி இருந்தா என்னென்ன பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொங்குக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கப்பாவுக்கு 49 வயசுல அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு, அவரோட அண்ணன், அதாவது எங்க பெரியப்பா, 46லயே தவறிட்டாருங்க. எனக்கு இப்ப 34. சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது, சுகர் இல்ல, பிரஷர் இல்ல, போன மாசம் கம்பெனி செக்கப்ல ஈசிஜி எக்கோ ரெண்டும் நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா வீட்ல "நம்ம வம்சத்துக்கே இப்படித்தான், தலையெழுத்து"ன்னே பேச்சு ஓடுது. தங்கச்சி ஒருத்தி இருக்கா, 29 வயசு, அவ பயந்துக்கிட்டு எதையெதையோ படிச்சுட்டு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்குறா. வம்சத்துல இருக்குன்னா நெசமாவே என்னங்க அர்த்தம், எதைப் பார்க்கணும், எது வீண் செலவு, விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

மாத்திரைப்பெட்டி:
தம்பி, நான் கார்டியாலஜி வார்டுல நர்ஸா இருக்கேன், அங்க தினம் பார்க்கறதை வச்சு சொல்றேன். மொதல்ல ஒண்ணு, ஈசிஜியும் எக்கோவும் இன்னைக்கு இதயம் எப்படித் துடிக்குது, எப்படி பம்ப் பண்ணுதுன்னு மட்டும்தான் காட்டும். ரத்தக்குழாய் சுவர்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிருக்கான்னு அதுல தெரியாது. அதனால அந்த ரெண்டும் நார்மல்னு சொன்னதோட விஷயம் முடிஞ்சுடல. கொலஸ்ட்ரால் பார்த்தாங்களா, எல்டிஎல், அதாவது ரத்தக்குழாய்ல படியற கெட்ட கொலஸ்ட்ரால், எவ்ளோன்னு அந்த ரிப்போர்ட்ல தேடிப் பாருங்க.

குடும்ப ஹிஸ்டரின்னா டாக்டருங்க சும்மா "யாருக்காவது ஹார்ட் பிரச்சனை இருக்கா"ன்னு மட்டும் கேக்கக் கூடாது, எந்த வயசுலன்னு கேக்கணும். அப்பா இல்ல கூடப்பிறந்த ஆணுக்கு 55க்கு முன்னாடி, அம்மா இல்ல கூடப்பிறந்த பொண்ணுக்கு 65க்கு முன்னாடி வந்திருந்தா அதைத்தான் இளவயசு ஹிஸ்டரின்னு கணக்குல எடுப்பாங்க. தாத்தாவுக்கு 82ல வந்ததும் உங்க அப்பாவுக்கு 49ல வந்ததும் ஒண்ணு இல்ல.

இதை ஆதாரத்தோட சொல்றதுக்கு பிரேமிங்ஹாம் ஆய்வைத்தான் சொல்லணும். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணத்துல இருக்கற சின்ன ஊரு, 1948ல 5209 பேரைச் சேர்த்து ஆரம்பிச்சாங்க, 1971ல அவங்க பிள்ளைங்களைச் சேர்த்தாங்க, 2002ல பேரப்பிள்ளைங்களை. மூணு தலைமுறை ஒரே ஆய்வுல இருக்கறதால "எங்கப்பாவுக்கு ஏதோ நெஞ்சுவலின்னு சொன்னாங்க"ங்கற செவிவழிக் கதை அங்க தேவையில்ல, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர்கள் எழுதி வச்ச பதிவே இருக்கு. 2004ல அதை வச்சுப் பார்த்தப்போ, பெத்தவங்கள்ல ஒருத்தருக்காவது இளவயசுல இதயநோய் வந்திருந்தா மகனுக்கு ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு, மகளுக்கு சுமார் 1.7 மடங்கு. கொலஸ்ட்ரால், பிரஷர், சிகரெட் எல்லாத்தையும் கழிச்ச பிறகு வந்த கணக்கு அது. அதனால இது தலையெழுத்தும் இல்ல, அப்படியே தள்ளி விடக்கூடியதும் இல்ல.

நெல்லைச்சீமை:
எனக்கு இதுல ஒரு சந்தேகம் இருக்கு, தப்பா எடுத்துக்காதீய. குடும்பம்னா ஜீன் மட்டுமா? ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், அப்பன் பீடி குடிச்சா மவனும் குடிக்கான், அப்பன் கடையில உக்காந்தே இருந்தா மவனும் அதே கல்லாப்பெட்டியில உக்காருதான். எங்க தெருவுல ஒரே குடும்பத்துல மூணு பேருக்கு அட்டாக், மூணு பேருமே ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சால்னா சாப்பிட்டுட்டு அப்படியே படுக்கிற ஆளுவ. இதை ஜீன்னு சொன்னா நாளைக்கு எவனும் பழக்கத்தை மாத்த மாட்டான், எல்லாம் ரத்தத்துல இருக்குன்னுட்டு போயிருவான். அதான் எனக்கு பயம்.

ஆய்வகவாசி:
அண்ணே நீங்க கேக்கறது ரொம்ப முக்கியமான கேள்வி, இதுக்காகவே இரட்டையர்களை வச்சு ஆய்வு பண்ணிருக்காங்க. ஸ்வீடன்ல 21004 இரட்டையர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 1994ல முடிவு வெளியிட்டாங்க. ஒரே கருவுல பிரிஞ்ச இரட்டையர்களுக்கு ஜீன் முழுக்க ஒண்ணு, ரெண்டு கருவுல பொறந்த இரட்டையர்களுக்கு சாதாரண அண்ணன் தம்பி மாதிரி பாதிதான் ஒண்ணு, ஆனா ரெண்டு வகையும் வளர்ந்தது ஒரே வீடு ஒரே சாப்பாடு. ஆண்கள்ல, ஒருத்தர் 55க்கு முன்னாடி இதயநோய்ல இறந்திருந்தா, ஒரே மாதிரி இரட்டையருக்கு ரிஸ்க் சுமார் 8 மடங்கு, மத்த வகைக்கு சுமார் 4 மடங்கு. பெண்கள்ல 65க்கு முன்னாடின்னு எடுத்தா 15 மடங்கு, 2.6 மடங்கு. அடுப்பு மட்டும் காரணம்னா இந்த ரெண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்திருக்கணும் இல்லையா. ஆனா வயசு ஏற ஏற இந்த வித்தியாசம் குறைஞ்சுகிட்டே போகுது, அதாவது வயசான பிறகு வர்ற அட்டாக்ல ஜீனோட பங்கு கம்மி.

அதே சமயம் உங்க பக்கமும் வலுவான ஆதாரம் இருக்கு. 2004ல வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடு, சலீம் யூசுப் தலைமையில பண்ணது. புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்பழம், உடற்பயிற்சி, மது இப்படி ஒன்பது விஷயத்துலயே மொத்த ரிஸ்க்ல 90 சதவீதம் அடங்கிடுது. ஆனா பாருங்க, கொலஸ்ட்ராலும் பிரஷரும் சுகருமே பாதி ஜீன் வழியா வர்றதுதான. அதனால ஜீனா பழக்கமான்னு கோடு போட்டுப் பிரிக்கறது எனக்கு சரியாப் படல, ஜீன் பெரும்பாலும் இந்த விஷயங்கள் வழியாத்தான் உள்ள வருது. அதே ஆய்வுல இன்னொண்ணு, முதல் அட்டாக் வர்ற சராசரி வயசு தெற்காசியர்களுக்கு 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 கிட்ட. நம்ம ஆளுங்களுக்கு ஆறு வருஷம் முன்னாடியே வருது.

தேக்காவாசி:
இந்த "நம்ம ஆளுங்களுக்கு முன்னாடியே வருது"ங்கறதை உலகத்துல மொதல்ல கவனிச்ச இடங்கள்ல எங்க சிங்கப்பூரும் ஒண்ணு. 1959லயே டாக்டர் தனராஜும் கூட இருந்தவங்களும் இங்க பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, ஒரே ஊர்ல இருக்கற சீனர்களை விட இந்தியர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் பல மடங்கு அதிகம்னு எழுதினாங்க. அப்ப இங்க இருந்த இந்தியர்கள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள்தான். எங்க தாத்தா காலத்து ஆளுங்க, நிறைய பேர் உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சவங்க. பர்கரும் பீட்சாவும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அதனால "இப்பத்திய சாப்பாட்டாலதான் எல்லாம்"னு யாராவது சொன்னா எனக்கு அப்படியே ஒத்துக்க முடியல.

வடலி:
வணக்கம், நான் டொரண்டோவில இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச குடும்ப டொக்டர் முதல் நாளே அப்பா அம்மா சகோதரங்கள் எல்லாருக்கும் என்ன வருத்தம், எந்த வயசில எண்டு கேட்டு எழுதி வச்சிட்டார். அதோட லைப்போபுரோட்டீன் ஏ எண்டு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினவர். 2021ல வந்த கனடா வழிகாட்டியில எல்லாருக்கும் வாழ்க்கையில ஒரு தரமாவது அதைப் பாக்கச் சொல்லியிருக்கு. எனக்கு எல்டிஎல் சாதாரணம், இது மட்டும் நல்லாக் கூட. பிறகு என்ர தம்பியையும் பாக்கச் சொன்னன், அவனுக்கும் கூட. எங்கட அப்பா 51ல மோசம் போனவர், ஏன் எண்டு அந்த நேரம் ஒருத்தருக்கும் விளங்கேல்ல, அவர் மெல்லிசான ஆள், தோட்டத்தில மாடா உழைச்ச மனுசன்.

ஆய்வகவாசி:
வடலி அண்ணா சொன்னது இந்த இழையிலயே ரொம்ப தேவையான தகவல். லைப்போபுரோட்டீன் ஏவைச் சுருக்கமா எல்பிஏன்னு லேப்ல கேட்டா தெரியும். 1963ல நார்வேல கோரே பெர்க்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சது. எல்டிஎல் துகள் மேல இன்னொரு புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கும், ரத்தக்குழாய்ல படியறது, உறையறது ரெண்டையும் தூண்டும். இதோட அளவு கிட்டத்தட்ட முழுசா ஒரே ஜீன்தான் தீர்மானிக்குது, சின்ன வயசுல என்ன அளவோ அதேதான் கடைசி வரைக்கும், டயட் இருந்தாலும் ஓடினாலும் பெருசா மாறாது. அதனாலதான் ஒரு தடவை பார்த்தா போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனா அதிகம்னு எடுத்துப்பாங்க, உலகத்துல அஞ்சுல ஒருத்தருக்கு அப்படி இருக்கு. கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரை போட்டா இது குறையாது. குறைக்கறதுக்கான ஊசி மருந்துகளைப் பெரிய அளவுல சோதிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா எல்டிஎல், பிரஷர், சுகர் மாதிரி நம்ம கையில இருக்கறதை எல்லாம் மத்தவங்களை விட இறுக்கிப் பிடிக்கணும். லிப்பிட் புரொஃபைல்ங்கற வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்ட்ல இது வராது, தனியாக் கேட்டு எழுதச் சொல்லணும்.

கொங்குக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாத்திரைப்பெட்டி அக்கா சொன்னதும் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேனுங்க, அதுல கொலஸ்ட்ராலே பார்க்கல. மறுநாளே வெளிய லேப்ல குடுத்தேன், எல்டிஎல் 212ன்னு வந்திருக்கு. தைராய்டு நார்மல்தான். நான் ஒல்லியான ஆளு, எடை 63 கிலோ, வீட்டுச் சாப்பாடு. இது எப்படிங்க?

மாத்திரைப்பெட்டி:
தம்பி, பதட்டப்படாதீங்க, ஆனா தள்ளியும் போடாதீங்க. எல்டிஎல் 190க்கு மேல, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இளவயசு அட்டாக், இது ரெண்டும் சேர்ந்தா குடும்பவழி அதிகொலஸ்ட்ரால், எஃப்எச்னு சொல்லுவாங்க, அதுவா இருக்குமான்னு கண்டிப்பா யோசிக்கணும். இதயநோய் டாக்டரை நேர்ல பாருங்க, முடிவு அவர்தான் சொல்லணும். போறப்போ அப்பாவோட பழைய ரிப்போர்ட்ல அட்டாக் வந்த நேரத்து எல்டிஎல் எவ்ளோன்னு தேடி எடுத்துட்டுப் போங்க. குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாண் தடிப்பா இருக்கா, கைமுட்டி மேல கட்டி மாதிரி இருக்கா, கண்ணுல கருவிழியைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கான்னு டாக்டர் பார்ப்பார். இதெல்லாம் இல்லன்னாலும் எஃப்எச் இல்லன்னு சொல்ல முடியாது. ஒல்லியா இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, வார்டுல இருபது முப்பது வயசுல வர்ற பசங்கள்ல ஒல்லிப் பசங்களை நிறையவே பார்த்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் "இவங்கப்பாவுக்கு வந்தப்பவே யாராவது பசங்களுக்கும் பாருங்கன்னு சொல்லியிருந்தா"ன்னு மனசு அடிச்சுக்கும்.

ஆய்வகவாசி:
எஃப்எச் பத்திக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா இதைக் கண்டுபிடிச்ச விதமே குடும்பங்களை ஆராய்ஞ்சதாலதான். கல்லீரல் செல்லுக்கு மேல எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள இழுக்கற ஏற்பிகள் இருக்கும். அந்த ஜீன்ல பழுதுன்னா ரத்தத்துல இருந்து எல்டிஎல் வெளியேறாது, பொறந்த நாள்ல இருந்தே உயரத்துலயே நிக்கும். டெக்சாஸ்ல டல்லஸ் நகரத்துல மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேர், சின்னக் குழந்தைங்களுக்கே அட்டாக் வர்ற குடும்பங்களோட தோல் செல்களை வச்சு இதைக் கண்டுபிடிச்சு 1985ல நோபல் வாங்கினாங்க. பழுதான ஜீன் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்தவங்க சுமார் 250ல ஒருத்தர். இவ்ளோ சாதாரணமான பரம்பரை நோய் இருந்தும் நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறதே தெரியாது. மருந்தே எடுக்கலன்னா ஆண்கள்ல பாதிப் பேருக்கு 50 வயசுக்குள்ள இதயநோய் வந்துடும், பெண்கள்ல 60க்குள்ள 30 சதவீதம். சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சவங்க மத்தவங்களை மாதிரியே வயசாகி வாழறாங்க.

அதுக்கப்புறம் 2003ல பாரீஸ்ல சில குடும்பங்கள்ல ஏற்பி ஜீன் நல்லாவே இருந்தும் கொலஸ்ட்ரால் ஏறி இருக்கறதைப் பார்த்து பிசிஎஸ்கே9னு இன்னொரு ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் புரதம் ஏற்பிகளை அழிக்கும், அதிகமா வேலை செஞ்சா எல்டிஎல் ஏறும். சரி, கம்மியா வேலை செஞ்சா? டல்லஸ்ல ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் ரெண்டு பேரும் தேடினாங்க. பிறவியிலேயே இந்த ஜீன் ஒரு பக்கம் செயல்படாத கறுப்பினத்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் கம்மி, இதயநோய் 88 சதவீதம் கம்மி, 2006ல வெளியிட்டாங்க. எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். 28 சதவீதக் குறைவு பிறந்ததுல இருந்தே இருந்தா அவ்ளோ பெரிய பாதுகாப்பு, அப்படின்னா சீக்கிரமே குறைக்க ஆரம்பிக்கறதுக்கு எவ்ளோ மதிப்புன்னு யோசிங்க. 2015ல அந்தப் புரதத்தைத் தடுக்கற ஊசி மருந்தே வந்துடுச்சு.

தங்கச்சி கேட்ட ஜீன் டெஸ்ட் பத்தி. எஃப்எச் சந்தேகம் இருந்தா மொதல்ல உங்களுக்கோ அப்பாவுக்கோ எடுத்து எந்த மாற்றம்னு தெரிஞ்சாதான் தங்கச்சிக்கு அதே ஒண்ணை மட்டும் தேடிப் பார்க்கலாம். இணையத்துல எச்சில் அனுப்பினா "உங்க இதய ரிஸ்க் ஸ்கோர்"னு தர்றாங்களே, அதுக்கு இப்ப காசு செலவு பண்ணாதீங்க. அந்த ஸ்கோர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களோட தரவுல உருவானது, நமக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்ங்கறது வேற கதை. தங்கச்சிக்கு இப்போதைக்கு சாதாரண எல்டிஎல் டெஸ்ட் போதும், ஆனா உடனே எடுக்கணும், எஃப்எச்சா இருந்தா அவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மழைக்காகிதம்:
நான் ஒண்ணு கேக்கணும், ரொம்ப நாளா மனசுல இருக்கு. எங்க வீட்ல அம்மாவுக்கு 61ல அட்டாக் வந்துச்சு, அக்காவுக்கு வரன் பார்த்துட்டு இருந்த சமயம், அதனால "கேஸ் ட்ரபிள், அட்மிட் ஆனாங்க"ன்னுதான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னோம், இன்னைக்கு வரைக்கும் என் சித்திக்கே உண்மை தெரியாது. இப்ப இதைப் படிச்சதும் சித்திக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் சொல்லணும்னு தோணுது. அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இன்னொண்ணு, எங்க பக்கம் அக்கா மகளைக் கட்டறது, மாமா பொண்ணைக் கட்டறது எல்லாம் சாதாரணம். அது இதுல ஏதாவது பாதிக்குமா?

மாத்திரைப்பெட்டி:
பாப்பா, சொல்லிடுங்க. வார்டுல நான் கண்கூடா பார்க்கறது இதுதான், பாதி வீட்ல ஹிஸ்டரி கேட்டா "ஒண்ணும் இல்லை"ம்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு மெதுவா ஒரு அத்தை வந்து "அவங்க அண்ணனும் இப்படித்தான் தூக்கத்துலயே போயிட்டான்"ம்பாங்க. வரன் கெட்டுடும்னு மறைக்கறாங்க, அந்த மறைப்புல கூடப்பிறந்தவங்க உயிர் போகுது. அம்மாவோட 61 வயசு அட்டாக் இளவயசுக் கணக்குலதான் வரும், பொம்பளைங்களுக்கு 65தான் எல்லை, இது நிறைய பேருக்குத் தெரியாம "அம்மாவுக்கு வயசாகிடுச்சு, அதான்"னு விட்டுடறாங்க. சித்திகிட்ட அம்மா சொல்லலன்னா நீங்க சொல்லுங்க, "நீங்களும் ஒரு தடவை பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பார்த்துடுங்க சித்தி"ன்னு ஒரே வரியில.

சொந்தத்துல கட்டறதைப் பத்தி, எஃப்எச் மாதிரி நோய் ரெண்டு பக்கமும் ஒரே வம்சத்துல இருந்து வந்தா குழந்தைக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து வர்ற வாய்ப்பு கூடும். அப்படிப் பிறந்த குழந்தைங்களுக்கு எல்டிஎல் 400, 500க்கு மேல எல்லாம் போகும், பத்து வயசுக்குள்ளயே முட்டி, முழங்கை, புட்டத்துல மஞ்சளா கட்டி கட்டியா வரும், தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அந்தக் கட்டியைப் பார்த்தா உடனே கொலஸ்ட்ரால் பார்க்கணும், பெத்தவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து.

நெல்லைச்சீமை:
சரி, ஒத்துக்கிடுதேன், குடும்பக்கணக்கு தனியா எடுக்கணும்தான். ஆனா நான் சொன்ன பழக்கம் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல. ஜீன்ல ரிஸ்க் கூடுதலா இருக்கறவன் ஒழுங்கா இருந்தா பிரயோஜனம் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க.

ஆய்வகவாசி:
உண்டு அண்ணே, நல்லாவே உண்டு. 2016ல அமெரிக்கா, ஸ்வீடன் ரெண்டு நாட்டுலயும் சேர்த்து 55000 பேருக்கு மேல தரவை வச்சுப் பண்ண ஆய்வு, ஜீன் ரிஸ்க் ரொம்ப அதிகமா இருக்கறவங்கள்ல, புகை இல்லாம, குண்டா இல்லாம, உடற்பயிற்சி பண்ணி, நல்லா சாப்பிடறவங்களுக்கு, அதெல்லாம் இல்லாதவங்களை விட ரிஸ்க் கிட்டத்தட்ட பாதி. அதுக்கு மறுபக்கமும் இருக்கு, ஓட்டத்தைப் பத்தி எழுதி அமெரிக்காவையே ஓட வச்ச ஜிம் ஃபிக்ஸ் 1984ல ஓடிட்டு இருந்தப்பவே 52 வயசுல இறந்தார். அவங்கப்பாவுக்கு 35ல முதல் அட்டாக், 43ல மரணம். ஃபிக்ஸோட மூணு ரத்தக்குழாயும் அடைச்சிருந்துது. அப்பாவை விட ஒன்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கார், ஓட்டம் உதவியிருக்கலாம், ஆனா ஓட்டத்தோட சேர்த்து பரிசோதனையும் மருந்தும் வேணும்னுதான் நான் இதுல இருந்து எடுத்துக்கறேன்.

தேக்காவாசி:
எங்க அண்ணன் மகன் 19 வயசு, ஊர்ல கபடி ஆடும்போது விழுந்து இறந்துட்டான். கொலஸ்ட்ராலாலன்னு நெனைக்கவே தோணாத வயசு. அவனுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், 15. இது வேற வகையா?

ஆய்வகவாசி:
ரொம்ப வருத்தமா இருக்கு அண்ணா. வேற வகையா இருக்கலாம், இதயத் தசை தடிக்கற பரம்பரை நோய், 500ல ஒருத்தருக்கு இருக்கும், விளையாடும்போது திடீர்னு துடிப்பு குழம்பி இறந்துடறது இளவயசுல நடக்கற ஒண்ணு. 1990ல கனடா கியூபெக் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தை வச்சுதான் இதோட முதல் ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டுலயும் முக்கியமான வேலை நடந்திருக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்த தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கற தங்கராஜ் எல்லாரும் சேர்ந்து 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இதயத் தசைப் புரத ஜீன் ஒண்ணுல 25 டிஎன்ஏ எழுத்து விடுபட்ட மாற்றம் தெற்காசியர்கள்ல 4 சதவீதம் பேருக்கு இருக்குன்னு. இருக்கற எல்லாருக்கும் நோய் வராது. 2018ல வந்த ஆய்வுல, அதே ஜீன்ல இன்னொரு மாற்றமும் சேர்ந்தே இருக்கறவங்களுக்குத்தான் தசையில சிக்கல் தெரியுதுன்னு பார்த்திருக்காங்க. அதனால அந்த 4 சதவீதத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

மாத்திரைப்பெட்டி:
அண்ணா, தம்பிப் பையனை உடனே இதயநோய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, அண்ணன் இப்படி இறந்தான்னு மொதல் வரியிலேயே சொல்லணும். இங்க ஈசிஜியும் எக்கோவும்தான் தேவை, மேல கொலஸ்ட்ராலுக்கு சொன்னதுக்கு நேர் மாறு. அவங்க அப்பா அம்மாவுக்கும் எடுக்கணும். பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தா காப்பி எடுத்துட்டுப் போங்க. இப்ப எக்கோ நார்மலா வந்தாலும் அதோட விடக்கூடாது, வளர்ற வயசுலதான் தசை தடிக்க ஆரம்பிக்கும், அந்த வயசுப் பசங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க, பெரியவங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. டாக்டர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் பையன் கபடி, ஓட்டம், ஜிம் எதுவும் வேண்டாம். ஓடும்போது மயக்கம், நெஞ்சு படபடப்புன்னு முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்கானான்னும் கேட்டுப் பாருங்க, பசங்க டீம்ல இருந்து எடுத்துடுவாங்கன்னு வீட்ல சொல்லாம இருப்பாங்க.

கொங்குக்காரன்:
தங்கச்சி ரிசல்ட் வந்துருச்சுங்க, எல்டிஎல் 198. ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கறோம். அவளுக்குக் கல்யாணம் ஆகி குழந்தைக்கு பிளான் பண்ணிட்டு இருக்காங்க, மாத்திரை ஆரம்பிச்சா சிக்கல் ஆகுமுங்களா?

மாத்திரைப்பெட்டி:
குழந்தை பிளான் பண்றோம்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லச் சொல்லுங்க தம்பி. கர்ப்ப காலத்துல ஸ்டேட்டினைப் பொதுவா நிறுத்தித்தான் வைப்பாங்க, எப்ப ஆரம்பிக்கறது எப்ப நிறுத்தறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. பெரியப்பாவுக்குப் பசங்க இருக்காங்கதான, அவங்களுக்கு யாராவது சொன்னீங்களா?

கொங்குக்காரன்:
இல்லீங்க அக்கா. ரெண்டு பேர் இருக்காங்க, அண்ணன் ஒருத்தர் திருப்பூர்ல, அக்கா ஒருத்தங்க கோபியில. இன்னைக்கு சாயந்திரமே போன் பண்ணிடறேன்.